ஓடை இருந்த இடம்

ஏரல்
புரட்டாசி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். போனில் என் குரல் கேட்டதும் "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பெரிய அத்தை கேஸ் அப்படியேதான் கிடக்கிறது. கருப்பட்டி வரத்து குறைவு.

முடிச்சூர்ப் பக்கம் மனை பார்ப்பதாக அம்மா சொன்னாள். நம் குடும்பத்தில் சென்னையில் இடம் வாங்குகிற முதல் ஆள் நீதான். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பரவாயில்லை. 2015இல் அடையாறு அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்ததை டி.வி.யில் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? புரோக்கர் வெயிலில் கூட்டிப்போய்க் காட்டுவான். நீ ஐப்பசியில், அடைமழையில் போய்ப் பார். பத்திரம், பட்டாவோடு விட்டுவிடாதே. சர்வே ஸ்கெட்ச் வாங்கி ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று பார். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா பார். மழையில் போய்ப் பார்.

போன வாரம் கடைக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே ஆற்றுக்குள் சீமைக்கருவேலமும் அமலைச் செடியும் மண்டிக் கிடக்கின்றன. அதை எடுக்க வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், மழைக்கு முன் குளத்து மதகுகளைச் சரிபார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. கரையை மட்டும் உயர்த்தினால் போதுமா? ஆறு நிரம்பிப் போகும்போது ஊருக்குள் பெய்கிற தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டாமா? இதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும்.

2023 மார்கழி முதல் நாள் நீ போனில் "மாடி வீட்டுக்குப் போங்கப்பா" என்று கத்தினாய். 92 வெள்ளத்தைப் பார்த்தவன் நான், நம்ம படி தாண்டாதுலே என்றேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டும் என்று யார் கண்டது? செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் 800 பேரோடு நின்றுபோனது. ராத்திரி அம்மாவைப் பரணில் ஏற்றினேன். கருப்பட்டியும் சீனியும் காலடியில் கரைந்து, தண்ணீரே பிசுபிசுத்தது. கரண்டும் போனும் போய், நீ அங்கே பட்டபாடு அப்புறம்தான் தெரிந்தது.

வழி திறந்ததும் ஓடிவந்தாய். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பின்வாசலில் போய் நின்று குடோன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் குடோனுக்காக ஓடையில் ஒன்பது டிராக்டர் மண் அடித்தேன். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. "தண்ணி எங்கப்பா போகும்?" என்று கேட்டாய். முதுகில் ஒன்று போட்டேன். ஊரில் எவன்தான் அடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதகைத் திறந்ததுதான் காரணம் என்று இத்தனை நாளும் கடையில் உட்கார்ந்து பேசினேன். வெள்ளம் வந்தது ஆற்றால்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆறு வருவதற்கு முன்னாலேயே கீழவீட்டு ஆச்சியின் முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஆறு வடிந்த பிறகும் அவள் வீட்டில் மட்டும் வடியவில்லை. ஊறி ஊறி மண்சுவர் விழுந்தது. இப்போது மகள் வீட்டில், நாசரேத்தில் இருக்கிறாள். போன மாதம் போய்ப் பார்த்தேன். காப்பி போட்டுக் கொடுத்தாள். சுவரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மனையை மழையில் போய்ப் பார். அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படாதே.

வியாழக்கிழமை கொத்தனார் வருகிறான். குடோன் பின்சுவரை இடித்து மண்ணை அள்ளச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, கத்துவாள். பணம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். ஓடை முருங்கைக்கு இந்தப் பக்கம் வளைந்ததா, அந்தப் பக்கமா என்று எனக்குத் திட்டமாக நினைவில்லை. நீயும் ஆச்சி பேரனும் துண்டை விரித்து மீன் பிடித்த இடம்தானே, உனக்குத் தெரியும். புதன்கிழமைக்குள் போன் போட்டுச் சொல். அம்மாவிடம் சொல்லிவிடாதே, என்னிடம் சொல்.

அப்பா