எங்கள் ஜிமெயில் முகவரியில் உங்கள் சர்வர் அனுப்பிய மெயில்கள் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு

பொருள்: தனிப்பட்ட ஜிமெயில் கணக்கை இணைத்து அமைத்த தானியங்கி மெயில் தொடரில் உள்ள கோளாறுகள் – திருத்தமும் கட்டணத்தைத் திருப்பித் தருதலும் கோரி.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் ஜிமெயில் கணக்கை உங்கள் செயலியோடு இணைத்து, பயிற்சி வகுப்புகளுக்குத் தாங்களாகவே பெயர் பதிந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பும் இரண்டு நினைவூட்டல்களும் தானாகப் போகும்படி அமைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்து அமைப்பை முழுக்கச் சரிபார்த்த பிறகே எழுதுகிறோம். கீழே உள்ளவற்றில் முதலாவது எந்த விதத்திலும் ஏற்க முடியாதது. மற்றவை நீங்கள் மனம் வைத்தால் திருத்தக் கூடியவை.

எங்கள் கணக்கின் அன்றைய வரம்பு (ஒரு நாளில் இத்தனை பேருக்குத்தான் அனுப்பலாம் என்ற கூகுளின் எல்லை) தீர்ந்ததும், மீதி மெயில்களை உங்கள் செயலி எங்களைக் கேட்காமலேயே உங்கள் சொந்த சர்வர் வழியாக அனுப்பியிருக்கிறது. அனுப்புநர் இடத்தில் எங்கள் ஜிமெயில் முகவரியே இருக்கிறது. ஆனால் அந்த மெயில்கள் எங்கள் 'அனுப்பியவை' ஃபோல்டரில் இல்லை. ஸ்பேமில் கிடந்ததாகப் பெற்றவர்கள் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்களிடமிருந்து மெயிலின் மூல வடிவத்தை (எந்த வழியாக வந்தது என்ற தொழில்நுட்ப வரிகளும் தெரியும் வடிவம்) வாங்கிப் பார்த்தோம். ஃப்ரம் (அனுப்புநர்) வரியில் எங்கள் முகவரி. ரிட்டர்ன்-பாத் வரியில் (போய்ச் சேராத மெயில் திரும்ப வேண்டிய முகவரி) உங்கள் டொமைன், அதாவது @-க்குப் பின் வரும் பெயர். டிகிம் கையொப்பத்திலும் (அனுப்பும் சர்வர் மெயிலில் இடும் மின்னணு முத்திரை) உங்கள் டொமைன். அதற்குக் கீழே, அனுப்புநர் உண்மைதானா என்று பெறும் சர்வர் செய்த மூன்று சோதனைகளின் முடிவு: எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் ஃபெயில்.

இதைக் காட்டிக் கேட்டதற்கு உங்கள் உதவிப் பிரிவு, "இரண்டும் பாஸ் ஆகியிருக்கின்றன, உங்கள் மெயிலின் உள்ளடக்கத்தில்தான் ஏதோ இருக்கிறது" என்று பதில் எழுதியது. இது தவறான பதில். எஸ்பிஎஃப் பார்ப்பது ரிட்டர்ன்-பாத்தில் உள்ள டொமைனை. டிகிம் பார்ப்பது கையொப்பமிட்ட டொமைனை. இரண்டும் உங்களுடையவை என்பதால் இரண்டும் பாஸ் ஆகத்தான் செய்யும். டிமார்க் கேட்கும் கேள்வி வேறு: இந்த இரண்டில் ஒன்றாவது ஃப்ரம் வரியில் உள்ள டொமைனோடு ஒத்துப் போகிறதா? ஜிமெயில் முகவரிக்கு அது ஒத்துப்போக ஒரே வழி, கூகுளின் சர்வர் வழியாகவே அனுப்புவது. கூகுளின் டிஎன்எஸ்ஸில் (தன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று டொமைனின் உரிமையாளர் பதிந்து வைக்கும் இடம்) உங்கள் சர்வரைச் சேர்க்க எங்களாலும் முடியாது, உங்களாலும் முடியாது. ஃப்ரம் வரியில் ஜிமெயில் முகவரியைப் போலியாக வைக்காதீர்கள் என்று கூகுள் தன் அனுப்புநர் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. அதைத்தான் உங்கள் செயலி எங்கள் பெயரில் செய்திருக்கிறது. எங்கள் பெயர் கெட்டால் நீங்கள் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடலாம். எங்களுக்கு இருப்பது இந்த ஒரு முகவரிதான். பல ஆண்டுகளாக எல்லோருக்கும் கொடுத்து வைத்திருக்கும் முகவரி இது.

இந்த நிலை வந்ததற்குக் காரணம், வரம்பை நீங்கள் கணக்கிடும் முறை. தனிப்பட்ட ஜிமெயில் கணக்குக்கு ஒரு நாளைக்கு 500 பெறுநர்கள்தான். உங்கள் செயலி இதை நள்ளிரவில் பூஜ்யத்துக்குத் திரும்பும் எண்ணாக வைத்திருக்கிறது. கூகுளோ கடந்த 24 மணி நேரத்தைக் கணக்கில் எடுக்கிறது. மாலை 6 மணிக்கு 300 பேருக்கும், மறுநாள் காலை 9 மணிக்கு 300 பேருக்கும் அனுப்பினால் உங்கள் கணக்கில் இரண்டு நாளுமே பத்திரம். கூகுளின் கணக்கில் 15 மணி நேரத்துக்குள் 600. போதாததற்கு, அதே கணக்கிலிருந்து கைப்பேசியில் அனுப்பும் சாதாரண மெயில்களும், சிசி, பிசிசியில் உள்ளவர்களும் அந்த 500-க்குள் அடக்கம். உங்கள் எண்ணி இவற்றைப் பார்ப்பதே இல்லை.

ஃபாலோ-அப்களையும் (பின்னால் போகும் நினைவூட்டல்கள்) நீங்கள் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. தினமும் 200 புதியவர்கள், 3 நாள் இடைவெளியில் இரண்டு ஃபாலோ-அப் என்று ஒருவர் அமைத்தால், யாரும் பதில் போடாத நிலையில் 4-ஆம் நாள் 400, 7-ஆம் நாள் 600. தொடரைத் தொடங்கும் பொத்தானை அழுத்தும்போதே இந்தக் கூட்டலைச் செய்து, "7-ஆம் நாள் வரம்பு தாண்டும், புதியவர்களை 150 ஆகக் குறையுங்கள்" என்று சொல்லிவிடலாம். 150 என்றால் மூன்று கட்டமும் சேர்ந்து 450. அன்றாட மெயிலுக்கு 50 மிச்சம். உங்கள் திரையோ 200-ஐப் பச்சை நிறத்தில் 'பாதுகாப்பானது' என்று காட்டுகிறது.

உங்கள் எண்ணிக்குத் தெரியாமல் கூகுளின் வரம்பு தாண்டினால் என்ன ஆகிறது என்பதும் உங்கள் டாஷ்போர்டில் தெரிவதில்லை. ஜிமெயில் ஏபிஐ (செயலிகள் ஜிமெயிலோடு பேசும் வழி) மெயிலை வாங்கிக்கொண்டு 'சரி' என்று பதில் தரும். பிறகு மெயிலர்-டீமன் என்ற தானியங்கி முகவரியிலிருந்து 'வரம்பை எட்டிவிட்டீர்கள், மெயில் அனுப்பப்படவில்லை' என்று இன்பாக்ஸில் வந்து விழும். எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் பழைய பொது முறை) வழியில் போனால் 550 5.4.5 என்ற பிழை நேரடியாகவே வரும். முதல் வழியில் போனவற்றை உங்கள் செயலி 'அனுப்பப்பட்டது' என்றே எண்ணிக்கொள்கிறது. போகாத மெயிலுக்கு 3 நாள் கழித்து, "முன்பு அனுப்பிய மெயிலைப் பார்த்தீர்களா?" என்று ஃபாலோ-அப் போகிறது. பெறுபவருக்கு எவ்வளவு குழப்பம்! 5.1.1 என்று வந்தால் முகவரியே இல்லை, உடனே பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். 4-இல் தொடங்கும் எண் வந்தால் தற்காலிகத் தடை, பொறுத்து மறுபடி அனுப்பலாம். உங்கள் 'பவுன்ஸ்' (போகாமல் திரும்பியவை) பட்டியலில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

பதில் வந்தால் தொடர் நிற்க வேண்டும் என்பது இந்த மாதிரிச் செயலியின் அடிப்படை. நீங்களோ, பதில் அனுப்பியவரின் முகவரியை மட்டும் ஒப்பிடுகிறீர்கள். ஒருவர் வேறு முகவரியிலிருந்து பதில் போட்டால் அது பதிலாகவே கணக்கில் வருவதில்லை. "நன்றி, வருகிறேன்" என்று எழுதியவருக்கும் நினைவூட்டல் போய்க்கொண்டே இருக்கிறது. இன்-ரிப்ளை-டூ, ரெஃபரன்ஸஸ் என்ற இரண்டு ஹெடர்களை (மெயிலோடு மறைவாகப் போகும் விவர வரிகள்) பார்த்தாலே எந்த மெயிலுக்கான பதில் என்று தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, விடுப்பில் இருப்பவரின் தானியங்கிப் பதிலை உண்மையான பதிலாக எடுத்துக்கொண்டு அவருடைய தொடரை நிறுத்திவிடுகிறீர்கள். ஆட்டோ-சப்மிட்டட் என்ற ஹெடர் இதற்காகவே 2004-இல் ஆர்எஃப்சி 3834 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. அது இல்லாத தானியங்கிப் பதில்களும் உண்டுதான். இருப்பதையாவது படியுங்கள்.

'திறந்தவருக்கு மட்டும் அடுத்த மெயில்' என்ற நிபந்தனையை உங்கள் மாதிரித் தொடர்களிலிருந்தே எடுத்துவிடுங்கள். மெயிலில் வைத்த ஒரு சிறு படம் இறங்கியதா என்பதை வைத்துத்தான் 'திறந்தார்' என்று எண்ணப்படுகிறது. 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்த ஆப்பிளின் மெயில் தனியுரிமைப் பாதுகாப்பு, பயனர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அந்த எண்ணை நம்பி யாருக்கு என்ன அனுப்புவது என்று முடிவெடுக்க முடியாது.

மெயில் பட்டியலிலிருந்து விலகும் வசதி பற்றி உங்களிடம் ஏற்கெனவே கேட்டோம். "நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்குத்தான் கூகுள் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, உங்களுக்குத் தேவையில்லை" என்றீர்கள். 2024 பிப்ரவரியில் வந்த விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் விலகும் வழி கண்ணில் படாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். 1000 மெயிலுக்கு 3 பேர் அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடும். மேலும், உங்கள் விலகல் இணைப்பு திறந்த மாத்திரத்தில் ஆளை நீக்கிவிடுகிறது. அலுவலக மெயில்களில் உள்ள பாதுகாப்பு ஸ்கேனர்கள் இணைப்புகளைத் தாமே திறந்து பார்ப்பதுண்டு. அதனால் விலக நினைக்காதவர்களும் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து போயிருக்கிறார்கள். இதைத் தவிர்க்கத்தான் 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8058, ஒரே சொடுக்கில் விலகுவதை போஸ்ட் கோரிக்கையாக (இணைப்பை வெறுமனே திறப்பதால் நடக்காத, தனியாக அனுப்பும் கட்டளை) வைத்தது. லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப், லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்-போஸ்ட் என்ற இரண்டு ஹெடர்களையும் சேருங்கள். மெயிலின் உள்ளே உள்ள இணைப்பில், உறுதிசெய்யும் பொத்தானுடன் ஒரு பக்கம் வையுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு வராத, தமிழ் போன்ற மொழிகளில் எழுதுபவர்களுக்கு வரும் கோளாறு ஒன்று இருக்கிறது. "நாளைய வகுப்பு 10 மணிக்கு" என்ற தலைப்பு சிலருக்கு 'மணிக்கு' என்ற சொல்லில் 'ண' சிதைந்து கேள்விக்குறிக் கட்டங்களோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. தலைப்பின் மூலத்தைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. தமிழ்த் தலைப்பு ஆங்கில எழுத்துகளாகக் குறியாக்கப்பட்டுத் துண்டு துண்டாகப் போகிறது. குறியாக்கினால் நீளம் கூடும்; குறியாக்கிய ஒரு துண்டு 75 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்பதால் உங்கள் செயலி மூலத் தலைப்பை 45 பைட்டுக்கு (பைட் என்பது கணினியின் சேமிப்பு அலகு) ஒரு முறை வெட்டுகிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும், கொம்பும் புள்ளியும் உட்பட, 3 பைட். இடைவெளியும் இலக்கமும் தலா 1 பைட். இந்தத் தலைப்பில் 45-ஆவது பைட், 'ண'-வின் முதல் பைட்டாக அமைகிறது; மீதி இரண்டும் அடுத்த துண்டுக்குப் போய்விடுகின்றன. துண்டுகளைச் சேர்த்துப் படிக்கும் மெயில் செயலிகளில் இது தெரியாது. தனித்தனியாகப் படிப்பவற்றில் எழுத்து உடைகிறது. ஒரு குறியை இரண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாது என்பது 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047-லேயே இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பை மட்டும் சோதித்தால் இது ஒருநாளும் கண்ணில் படாது. தமிழ் வாடிக்கையாளரிடமும் முழுக் கட்டணம்தான் வாங்குகிறீர்கள்.

கடைசியாக, அனுமதி. கணக்கை இணைக்கும்போது எல்லா மெயிலையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க உங்கள் செயலி அனுமதி கேட்கிறது. அனுப்ப மட்டும் தனி அனுமதி கூகுளில் இருக்கிறது. பதில்களைக் கண்டுபிடிக்கப் படிக்கும் அனுமதி வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். நிரந்தரமாக அழிக்கும் உரிமை எதற்கு?

ஆகவே நாங்கள் கோருவது இது. எங்கள் முகவரியை ஃப்ரம் வரியில் வைத்து உங்கள் சர்வர் வழியாகப் போன மெயில்கள் அனைத்தின் பெறுநர் பட்டியலையும் நேரத்தையும் 15 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். அவர்களுக்கு நாங்கள் நேரடியாக விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அந்த மாற்றுவழியை எங்கள் கணக்கில் உடனே நிறுத்த வேண்டும். வரம்பு தீர்ந்தால் தொடர் நின்று, இடம் கிடைத்ததும் மறுபடி தொடர வேண்டும். விலகல் இணைப்பால் நீக்கப்பட்டவர்களின் பட்டியலை, இணைப்பு திறக்கப்பட்ட நேரத்தோடு தர வேண்டும். மெயில் போன சில நொடிகளில் திறக்கப்பட்டவற்றை நாங்களே பிரித்துக்கொள்வோம். மாற்றுவழி இயங்கிய காலத்துக்கான சந்தாவைத் திருப்பித் தர வேண்டும்.

மற்ற திருத்தங்களுக்குத் தேதி சொன்னால் காத்திருக்கிறோம். மேலே சொன்ன மூல வடிவங்களைப் பெறுநர் முகவரிகளை மறைத்து இத்துடன் இணைத்திருக்கிறோம். உதவிப் பிரிவுக்கு மறுபடி அனுப்பாமல், மெயில் அனுப்பும் பகுதியை எழுதிய பொறியாளரின் பார்வைக்கே இவற்றைக் கொண்டுபோகும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்கள்