கூரைக்கு மரம் தேடிய கதை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் போடுவது சரி, இழைப்புளி பிடிப்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள். இங்கே பேத்திக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

போன ஞாயிறு மருமகன் என்னை பன்ராட்டிக்கு அழைத்துப் போனார். அயர்லாந்தின் பழைய கிராமத்து வீடுகளை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வைக்கோல் கூரை, சுண்ணாம்பு அடித்த தடித்த கல் சுவர். எல்லாரும் போட்டோ எடுக்க, நான் கூரை மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தச்சனோடு பழகிய தோஷம்!

இந்த நாட்டில் காட்டை வெட்டி வெட்டி, 1900 வாக்கில் நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்குதான் காடாக மிச்சம். ஏழைக் குடியானவன் மரத்துக்கு எங்கே போவான்? சதுப்பு நிலத்தில் நீளமான இரும்புக் கம்பியைக் குத்திக்கொண்டே போவார்களாம். 'டக்' என்று தட்டுப்பட்டால் உள்ளே மரம். பல ஆயிரம் ஆண்டுகளாகப் புதைந்தும் உளுத்துப்போகாத பைன், ஓக். அதைத் தோண்டியெடுத்துக் கூரைக்குப் போட்டார்கள். நீள மரம் அரிது என்பதால் வீட்டின் அகலமே ஓர் அறைதான்; ரயில் பெட்டி மாதிரி ஒன்றைத் தாண்டி இன்னொன்று. அட்லாண்டிக் கரையில் காற்றுக்குப் பயந்து, கூரைமேல் கயிறு போட்டுச் சுவரிலுள்ள கல் முளைகளில் இழுத்துக் கட்டுவார்கள்.

நாற்காலியிலும் மரம் சட்டத்துக்கு மட்டும். உட்காருமிடம் வைக்கோல் புரி. ஆனால் நீ பார்க்க வேண்டியது 'செட்டில்'. பகலில் அடுப்போரம் சாய்வு பெஞ்சு. ராத்திரி இருக்கையை முன்பக்கம் தரையில் மடக்கி இறக்கினால் பெட்டி மாதிரி படுக்கை. வைக்கோல் மெத்தையைப் போட்டுப் பிள்ளைகளை வரிசையாகக் கிடத்திவிடலாம்.

இதெல்லாம் கொஞ்சம் வசதி இருந்தவர்கள் வீடு. 1841 கணக்கெடுப்பில் வீடுகளை நாலு தரமாகப் பிரித்தபோது, மூன்றில் ஒன்றுக்கு மேல் கடைசித் தரம்: மண்ணால் கட்டிய ஒற்றை அறைக் குடிசை. நாலு வருஷத்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. 1851இல் மறுபடி எண்ணியபோது அந்தக் குடிசைகளில் பெரும்பகுதி இல்லை. அதில் இருந்தவர்களில் பலர் செத்தார்கள், பலர் கப்பலேறினார்கள். அப்புறம் அந்த வெள்ளைச் சுவர்களைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

செட்டிலின் கீலைக் குனிந்து பார்க்கப் போனேன். காவலுக்கு நின்ற அம்மாள் முறைத்தார். அடுத்த முறை நைசாக அளந்து அனுப்புகிறேன். வேப்பம் பலகையில் ஒன்று செய்ய முடியுமா, எழுது.

அன்புடன்,
சுந்தரம்