தரம் 3 பிள்ளைக்குப் பத்து நிமிடம் கேட்கிறேன்

கொழும்பு மாவட்டத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் கொட்டாஞ்சேனையில் வசிப்பவள். இருபத்தொன்பது ஆண்டுகள் ஆரம்பப் பிரிவில் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். இந்த மடலில் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தரம் 3 இன் முதலாம் தவணையில், வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியே பத்து நிமிடம் உட்கார நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். பிள்ளைக்கு என்ன தெரிகிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்ப்பதற்கான பத்து நிமிடம் அது. அதற்குப் புள்ளியும் வேண்டாம், நிலையும் வேண்டாம்.

இதை எனக்கு உணர்த்தியவள் ஒரு சிறுமி. என் வகுப்பில் வாசிப்பில் அவள்தான் முதலாவது என்று நான் நம்பியிருந்தேன். எழுந்து நின்றால் பாடத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். அதிகாரிகள் வகுப்பைப் பார்க்க வரும் நாட்களில் அவளைத்தான் எழுப்புவேன். ஒரு நாள் கடும் மழை. வகுப்பில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். அவளை என் மேசைக்கு அருகே கூப்பிட்டு, விளையாட்டுப் போல, பக்கத்தை இரு கைகளாலும் மறைத்து நடுவில் ஒரு சொல் மட்டும் தெரியும்படி விட்டேன். ‘கிணற்றடியில்’ என்ற சொல். அவள் பேசாமல் நின்றாள். கைகளை எடுத்தேன். பாடத்தின் முதல் வரிக்குப் போய், சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்தி, உதடுகள் மட்டும் அசைய, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் ‘கிணற்றடியில்’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் இரவில் உரத்து வாசித்துக் காட்ட, புத்தகம் முழுவதையும் காதால் கேட்டே பாடமாக்கியிருந்தாள். அத்தனை நல்ல ஞாபகசக்தி. அந்த ஞாபகசக்தியே அவளுடைய குறையை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. தவணைப் பரீட்சையில் அவள் எடுத்த புள்ளிகளை நானே இட்டேன். அவற்றைப் பார்த்து நானே மகிழ்ந்தேன்.

எங்கே தடுமாறுகிறாள் என்று பார்க்க உட்கார்ந்தபோது, அது ஒற்றைக் கொம்பிலும் இரட்டைக் கொம்பிலும் என்று தெரிந்தது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’ என்றால் குறி எழுத்துக்கு இரு புறமும் நிற்கிறது. 247 எழுத்துகளையும் கூட்டாக ஒப்புவிக்கும் வகுப்பில் இந்தக் குழப்பம் வெளியே வருவதில்லை. அவளுக்கு மனப்பாடமாயிருந்த பாடத்தையே சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, மீண்டும் அடுக்கச் சொன்னேன். அவளுடைய ஞாபகசக்தியைப் பிடித்துக்கொண்டே எழுத்துக்குள் போனோம். ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைத் தானே வாசித்ததாக ஒரு திங்கட்கிழமை காலையில் ஓடி வந்து சொன்னாள்.

அதன் பிறகுதான் மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். வசனக் கணக்கு எல்லாவற்றிலும் பிழை விடுவான். கணக்கை நான் வாய்விட்டு வாசித்தபோது, முடிக்கும் முன்பே விடை சொன்னான். கடைசி வாங்கில் இருந்த இன்னொருத்திக்குக் கரும்பலகையே தெரியவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது மூக்குக்கண்ணாடி. இருவருடைய கணித அறிக்கையிலும் ‘கவனம் போதாது’ என்று நான் எழுதியிருந்தேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும், எழுதக் கை கூசுகிறது. ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் ஒரு பிள்ளை ‘வாப்பா’ என்று எழுதியதை நான் சிவப்பு மையால் வெட்டி ‘அப்பா’ என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை அந்தப் பிள்ளை நான்கு வரிக்கு மேல் எழுதவில்லை. கொழும்பின் ஒரு வகுப்பறையில் எத்தனை வீட்டுத் தமிழ்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். மலையகத்திலிருந்து வந்த குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மருதானையில் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பம், ஒழுங்கையில் முழு நேரமும் சிங்களத்தில் விளையாடும் பிள்ளை. புத்தகத் தமிழ் இவர்கள் ஒருவருக்கும் வீட்டுப் பேச்சு இல்லை. ஆனால் அதற்கும் தங்கள் பேச்சுக்கும் உள்ள தூரம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்கிறோம்.

வயதும் அப்படித்தான். இடாப்பைத் திறந்து பிறந்த திகதிகளைப் பாருங்கள். ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது தரம் 1 அனுமதி விதி. பெப்ரவரி முதல் வாரத்தில் பிறந்த பிள்ளை ஆறு வயதை எட்டும் தறுவாயில் வருகிறது. ஜனவரிக் கடைசியில் பிறந்தது ஐந்து நிரம்பிய கையோடு வருகிறது. இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு. அந்தச் சின்ன வயதில் அது பிள்ளை வாழ்ந்த காலத்தின் ஐந்தில் ஒரு பங்கு. இந்த இடைவெளியை நாம் ‘கெட்டிக்காரப் பிள்ளை’, ‘மந்தமான பிள்ளை’ என்று பெயரிட்டு அழைத்துவிடுகிறோம்.

பெயரிடுவதில் நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று வகைப்படுத்தியது நன்னூல். எருமை என்ற சொல் இன்றும் நம் வகுப்பறைகளில் கேட்கிறது. அதே நூலில், அதே பாயிரத்தில், ஆசிரியர் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்றும் பவணந்தி முனிவர் சொல்கிறார்: ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’. கற்பவன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து கொடு என்கிறார். எருமையைப் பிடித்துக்கொண்டு இந்த வரியை விட்டுவிட்டோமே என்பது என் துயரம். 1968 இல் டேவிட் ஓசுபெல் என்ற அமெரிக்க உளவியலாளரும் ஏறத்தாழ இதையே எழுதினார்: கற்றலை மிக அதிகமாகத் தீர்மானிப்பது பிள்ளை ஏற்கெனவே அறிந்திருப்பது, அதைக் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பியுங்கள் என்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர்’ என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பயிற்சிகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நம்பியும் இருக்கிறேன். ஆனால் 2008 இல் ஹரோல்ட் பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிள்ளையின் ‘பாணி’க்கு ஏற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே கண்டார்கள். தயவுசெய்து என் கோரிக்கையை இன்னொரு படிவமாக்கி, பிள்ளையின் நெற்றியில் இன்னொரு முத்திரை குத்திவிடாதீர்கள். அந்தச் சிறுமியைக் ‘கேட்டுக் கற்பவள்’ என்று எழுதி வைத்திருந்தால், அவளுக்கு இன்னும் உரத்து வாசித்துக் காட்டியிருப்பேன். அவள் வாசிக்காமலேயே வளர்ந்திருப்பாள்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. தரம் 1 இல் பாடசாலை தொடங்கும்போது பிள்ளைகளை இனங்காணும் நிகழ்ச்சித்திட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. விளையாடவிட்டு, வரையவிட்டு, பேசவிட்டு ஆசிரியர் கவனிக்கும் அருமையான ஏற்பாடு அது. நான் பணியாற்றிய இடத்தில் அந்தக் குறிப்புகள் அலுமாரிக்குள் போய்விட்டன. தரம் 3 இல் அதே பிள்ளைகளை நான் பொறுப்பேற்றபோது என் கையில் கிடைத்தவை புள்ளிகள் மட்டுமே. எழுத்துக் கூட்டும் பருவம் முடிந்து, வாசித்து அறியும் பருவம் தொடங்கும் இடம் தரம் 3. அங்கே தவறவிட்ட பிள்ளை சுற்றாடல் பாடத்தையும் கணிதத்தையும் சேர்த்தே தவறவிடுகிறது. அதே வேளையில்தான் கொழும்பில் பெற்றோர் பிள்ளையைத் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புக்கு அனுப்பத் தொடங்குகிறார்கள். 1905 இல் பாரிஸில் அல்பிரட் பினேயும் தியோடோர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை ஆக்கியது, யாருக்குத் தனிக் கவனிப்புத் தேவை என்று கண்டறிவதற்காக. அந்த வழியில் வந்த வினாக்களை நாம் பத்து வயதுப் பிள்ளைகளை வெட்டுப்புள்ளிக்கு மேலே, கீழே என்று பிரிக்கப் பயன்படுத்துகிறோம். புலமைப்பரிசில் பற்றிய வாதத்தை இங்கே நான் தொடங்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தடவையாவது பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நேரம் எங்கே என்பீர்கள். 40 பிள்ளைகளுக்கு 400 நிமிடம். ஏழு மணித்தியாலத்துக்கும் குறைவு. என் காலத்தில் தரம் 3 இன் ஒரு தவணைப் பரீட்சைக்குச் செலவான அளவு நாட்களை இதற்குக் கொடுத்தாலே மிஞ்சும். பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை. பிள்ளை இதுவரை பார்த்திராத ஐந்து வரிகளை வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசித்ததைத் தன் வீட்டுத் தமிழில் திருப்பிச் சொல்லவிட வேண்டும். ஒரு கணக்கை வாயாலும் இன்னொன்றைத் தாளிலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். தன் கதிரையிலிருந்து கரும்பலகை தெரிகிறதா என்று கேட்க வேண்டும். கண்டதை ஆசிரியர் ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த ஆண்டு ஆசிரியரின் கையில் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் ஒரு பிள்ளையோடு இருக்கும்போது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். என்னைப் போல ஓய்வு பெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் இந்த நகரில் பலர் இருக்கிறார்கள். அனுமதி மட்டும் தாருங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தோ பஸ்ஸிலோ போகக்கூடிய எந்தப் பாடசாலைக்கும் நான் காலை ஏழரை மணிக்கு வந்துவிடுவேன்.

பணிவுடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி
கொழும்பு 13