குடமுருட்டிக் கரை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

சருகு மண்ணில் கிடைத்த மைட் (சிலந்திக்கு உறவான சின்னஞ்சிறு உயிரி) பற்றிய என் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அது புதிய பேரினம்தான் (நெருங்கிய இனங்களை அடக்கும் பிரிவு) என்று மதிப்பீட்டாளர்கள் இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மின்னஞ்சலைப் படித்த கையோடு எழுதுகிறேன். ஒரே அலமாரியில் வைத்திருந்த முதல் மாதிரிகள் மழையில் பாழானது உங்களுக்கெல்லாம் தெரியும், அதை விடுவோம்.

முதல் நன்றி நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர் அக்காவுக்கு. அதே மூங்கில் குத்தடியில் மறுபடி மண் எடுக்கலாம் என்று போனால், கரை முழுக்கச் செதுக்கிச் சருகைக் கூட்டிக் கொளுத்தியிருந்தார்கள். பகீரென்றது. குத்தடியில் மட்டும் சருகு அப்படியே கிடந்தது. "நீ உக்காந்து மண் அள்ளுற எடம்னு நான்தான் தொட வேணாம்னு சொன்னேன் தம்பி" என்றார். நான் கேட்டுக்கொண்டதே இல்லை. என்ன தேடுகிறேன் என்றும் அவருக்குத் தெரியாது. ஏன் இதை மட்டும் விட்டீர்கள் என்று மேற்பார்வைக்கு வந்தவர் கேட்டதற்கும் அவரே பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

அந்தச் சருகைப் புனலில் போட்டு மேலே பல்பை எரியவிட்டோம். (1905-ல் இத்தாலியப் பூச்சியியலாளர் பெர்லீஸ் இதை வெந்நீர் வைத்துச் செய்தார், பல்பு பின்னால் வந்தது.) மேலே காயக் காய, ஈரம் தேடி இறங்கி ஆல்கஹாலில் விழுந்தவற்றில் இளம்பருவங்களும் இருந்தன, உரித்த தோல்களை முதுகில் அடுக்கிச் சுமந்தபடி! இது சேர்ந்த ஒரிபேட்டிட் வகை மைட்டுகள் பலவற்றில் பிள்ளைக்குத் தாயின் ஜாடையே இருக்காது. எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்ற இழுபறி அவற்றைப் பார்த்த பிறகுதான் தீர்ந்தது. வளர்ந்தவற்றின் முதுகு மயிர்களை மட்டும் எண்ணிக் காட்டியிருந்தால், பழைய பேரினம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். நாளைக்கும் யாராவது சேர்க்கலாம், வகைப்பாடு அப்படித்தான்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அதை அக்காவுக்கு நுண்ணோக்கியில் காட்டினேன். "கடிக்குமா?" என்றார். கடிக்காதுக்கா, மக்கின இலையும் பூஞ்சையும்தான் தின்னும் என்றேன். "அப்ப இருந்துட்டுப் போவட்டும்."

அப்புறம், கரண்ட் போன இரவுகளில் பல்புக்காக இன்வெர்ட்டரை விட்டுக்கொடுத்த டீக்கடை அண்ணன், மாதிரிகளை நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்க்க லாக்டிக் அமிலம் தந்த கல்லூரி நண்பர்கள், கால் முட்களைத் திரும்பத் திரும்ப வரைந்த மாணவி, முகம் தெரியாமலே படங்களைத் திருத்தி அனுப்பிய மூத்த ஆய்வாளர், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஹோலோடைப் (புதிய பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) கொல்கத்தாவுக்கு, இந்திய விலங்கியல் அளவைத் துறைக்குப் போகிறது. பாராடைப்புகளை (கட்டுரையில் அதோடு குறிப்பிட்ட மற்ற மாதிரிகளை) பிரித்து வேறு ஊர்களில் வைப்பேன். இனி எந்த மாதிரியும் என்னிடம் ஒரே அலமாரியில் இருக்காது. கட்டுரையின் பிரதியை அக்காவிடம் நேரில் கொடுக்க வேண்டும். மேட்டூர் வழக்கம்போல ஜூன் 12-ல் திறந்துவிட்டால் அவரை நடவு வயலில்தான் தேட வேண்டியிருக்கும், அதற்குள் போய்விடுவேன்.