சமாதானக் குழுக்களில் விளிம்புநிலை மக்களுக்கும் இடம் வேண்டி மனு

அனுப்புநர்
கண்ணகி நகர் குடியிருப்பாளர்கள்,
ஒக்கியம் துரைப்பாக்கம்,
சென்னை – 600 097.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சென்னை மாவட்டம்,
ராஜாஜி சாலை, சென்னை – 600 001.

பொருள்: பகுதி சமாதானக் குழுக்களில் பட்டியலினப் பெண்கள், திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள், புலம்பெயர் தொழிலாளர்கள், இளைஞர்கள் ஆகியோரை உறுப்பினர்களாகச் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2000ஆம் ஆண்டு முதல், நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டவர்கள் நாங்கள். முன்பின் அறியாதவர்களைப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வைத்ததால், குழாயடிச் சச்சரவுகூடப் பகையாக முற்றியதுண்டு. இன்றும் திருவிழா, கொடிக்கம்பம், இளைஞர்களின் கைகலப்பு என எது மூண்டாலும் அதிகாரிகள் சமாதானக் கூட்டம் கூட்டுகிறார்கள். அதை வரவேற்கிறோம். அங்கே யார் உட்காருகிறார்கள் என்பதுதான் எங்கள் வருத்தம்.

கட்சிப் பிரமுகர்கள், கோயில் நிர்வாகிகள், கடைக்காரர்கள், பெரும்பாலும் ஆண்கள். ஆனால் கலவரம் என்றால் வேலைக்குப் போக முடியாமல் கூலியை இழப்பவர், பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண். நள்ளிரவில் கதவு தட்டப்படுவது தனியே வாழும் திருநங்கைக்கு. ஓடித் தப்ப இயலாதவர் மாற்றுத்திறனாளி. 2023 மார்ச்சில் பரவிய போலி வீடியோக்களால் வடமாநிலத் தொழிலாளர்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இவர்களுக்குக் கூட்டம் நடப்பதே தெரிவதில்லை. முடிவு மட்டும் மறுநாள் காதுக்கு வருகிறது.

அழைத்தாலும் காலை பதினொரு மணிக்கு, தொலைவிலுள்ள அலுவலகத்தில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்தப் பெண் வருவாள்? மாலை ஏழு மணிக்குமேல், குடியிருப்புக்குள்ளேயே, சக்கர நாற்காலி வரக்கூடிய தரைத்தளக் கூடத்தில் வைத்தால் வருவார்கள். இந்தி, ஒடியா, வங்காளம் பேசுவோருக்கு மொழிபெயர்க்க ஒருவர் இருந்தால் போதும்.

இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆவது பிரிவில், அமைதி காப்பதாகப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கும்போதுதான் எங்கள் பிள்ளைகள் அதிகாரிகளின் கண்ணில் படுகிறார்கள். சண்டை எங்கே புகைகிறது என்பதை முதலில் அறிபவர்களும் அவர்களே. அவர்களில் இருபாலரையும் குழுவில் சேருங்கள்.

இது புதிய வழக்கமும் அல்ல. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 17ஆவது விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அக்குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025இல் நம் சட்டப்பேரவையே வழிசெய்தது. அதே நியாயத்தைத்தான் சமாதானக் குழுக்களுக்கும் கேட்கிறோம்.

ஓர் அச்சமும் உண்டு. சமாதானம் என்ற பெயரில் வன்கொடுமைப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லும் நெருக்கடி வரக்கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன்விசாரணையே தேவையில்லை. சாதி சொல்லித் தாக்கப்பட்டவரின் புகாருக்கு முதலில் வழக்கு. பேச்சுவார்த்தை அதற்குப் பதிலாகாது.

ஆகவே, மேற்கண்ட பிரிவினர் ஒவ்வொருவருக்கும் குழுவில் இடம் ஒதுக்கி, உறுப்பினர் பெயர்களைப் பகுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டவும், அவர்கள் கையொப்பமின்றி எந்த முடிவையும் இறுதியாக்கக் கூடாது என்று வருவாய்க் கோட்டாட்சியர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும் எழுத்துமூலம் உத்தரவிடவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கண்ணகி நகர் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)