பழைய வண்டிக்கு ஸ்பேனர் போதும், கிரைண்டர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காதைப் பிளக்கும் சைலன்சர் பொருத்திய மோட்டார் சைக்கிள்களைக் காவல் துறையினர் பிடித்து அபராதம் விதிப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். யானையும் காட்டெருமையும் சாலையைக் கடக்கும் நீலகிரியில் அந்தச் சத்தத்துக்கு இடமே இல்லை. ஆனால் அப்படிப்பட்ட வண்டிகளில் சில, 40, 50 ஆண்டுகளுக்கு முன் வந்த ஜாவா, யெஸ்டி, புல்லட் என்று பார்க்கும்போது மனம் வலிக்கிறது. வீட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, கைக்காசைப் போட்டு, செத்துக் கிடந்த எஞ்சினுக்கு உயிர் கொடுத்த இளைஞர்களே கடைசியில் இரும்பறுக்கும் கிரைண்டரை எடுத்து வண்டியின் சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தையும் மட்கார்டையும் சைலன்சரையும் அறுத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மின் நிலையத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தந்தை வாங்கிய 1971ஆம் ஆண்டு ஜாவா 250 இன்றும் என்னிடம் ஓடுகிறது. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரித்த அந்த வண்டியைப் பந்திப்பூர், கூடலூர் வழியாக அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பிறகு அது 19 ஆண்டுகள் கொட்டகையில் நின்றது. ஐப்பசி மழையும் மூடுபனியும் இரும்பை என்ன செய்யும் என்பது கோத்தகிரியில் வாழ்பவர்களுக்குத் தெரியும்; பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டேன். பத்தாம் நாள் ஹெட்டைக் கழற்றி, கற்பூர மரத்துண்டு ஒன்றைப் பிஸ்டன்மேல் வைத்து மெல்லத் தட்டியபோது ஒரு நூல் அளவு இறங்கியது. ஜாவாவில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றே. அந்த லிவரை நிமிர்த்தி மிதித்தபோது, சிறுவயதில் அப்பா மிதிக்கும்போது கேட்ட அதே ஓசை மீண்டும் கேட்டது.

அதன்பிறகு நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். சேசிஸைச் சமவெளியில் உள்ள ஒரு பட்டறைக்கு அனுப்பி, மணலை வேகமாக அடித்துத் துருவை நீக்கும் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, பவுடர் கோட்டிங் என்னும் தூள் பெயிண்ட் அடித்து வாங்கினேன். பளபளவென்று வந்தது. ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்கப் போனபோது, சேசிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் மூன்று இலக்கங்களுக்கு மேல் எதுவுமே விழவில்லை. மணல் பட்டு எழுத்தின் விளிம்பு மழுங்க, பெயிண்ட் அதன் குழியை நிரப்பியிருந்தது. எண் தெரியாத வண்டிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட முடியாது. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பெயிண்ட் ரிமூவரைச் சிறு தூரிகையால் தொட்டுத் தடவி, பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி, ஒவ்வொரு இலக்கமாக வெளியே கொண்டுவந்து, அதைப் பதிவு செய்து முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. பெயிண்ட் ஏறியதற்கே இவ்வளவு என்றால், எண் உள்ள பகுதியையே அறுத்து வெல்டிங் வைத்தவர்கள் என்ன செய்வார்கள்?

சைலன்சரை வெட்டினால் இழுவை கூடும் என்று பல இளைஞர்கள் நம்புகிறார்கள். ஜாவா போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் என்பது எஞ்சினின் ஒரு பாகம். வெளியேறும் புகையின் அழுத்த அலை சைலன்சருக்குள் மோதித் திரும்பி வந்து, புகையோடு தப்பிக்கப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பான பேஃபிலை உருவி எறிந்தால் அந்தத் தள்ளல் குலைந்து, குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். பர்லியாறு ஏற்றத்தில் நமக்கு வேண்டியதோ அந்த இழுவைதான். வண்டி உண்மையிலேயே இழுக்கவில்லை என்றால் பேஃபிலில் படிந்த கரியைச் சுரண்டிப் பாருங்கள், பிறகு கார்புரேட்டரைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைதான் ஜெட். சமவெளிக்குச் சரியான ஜெட், காற்று மெலிந்த இந்த உயரத்தில் பெட்ரோலை அதிகமாகக் கொடுத்து பிளக்கைக் கரியாக்கும். மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேட்டுப்பாளையம் இறங்கி நெடுந்தூரம் போகிறவர்கள் பழைய ஜெட்டை மறக்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

விருப்பப்படி வண்டியை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 6 வோல்ட் விளக்கு மூடுபனியில் பத்தடிகூடக் காட்டவில்லை என்பதால் நானே என் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறேன். கழற்றிய டைனமோவைக் கிரீஸ் தடவி எண்ணெய்த் தாளில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். ஒரு பகல் போதும், பழையபடி மாட்டிவிடலாம். சீட்டோ ஹேண்டில்பாரோ எதுவானாலும், ஸ்பேனரால் மாட்டி ஸ்பேனரால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2021இல் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டிகளை ‘வி.ஏ.’ வரிசையில் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். அன்றாடம் ஓட்ட அதில் அனுமதி இல்லை என்பதால், ஞாயிறுதோறும் சந்தைக்குப் போகும் என் வண்டிக்கு நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் இன்று 45 வயதான யெஸ்டியை அறுப்பவர், ஐந்தே ஆண்டில் அதற்குக் கிடைக்கவேண்டிய அந்தத் தகுதியையும் சேர்த்து அறுக்கிறார்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய வண்டியைப் பிரித்து வேலை தொடங்குபவர்கள், பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காட்டிப் பென்சில் பதிவு எடுத்து, கையெழுத்துப் பெற்றுக்கொள்ள மாதத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்க வேண்டும். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு அங்கேயே கொடுத்தால், சைலன்சரைப் பறிமுதல் செய்யும் வேலை காவல் துறைக்கும் பாதியாகக் குறையும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.