ரிஸ்க் ஓனர்னு ஒரு கட்டம் இருக்குமே தம்பி

தம்பிக்கு,

பொங்கலுக்கு வந்தப்ப கேட்டல்ல, பெங்களூர் ரிஸ்க் கன்சல்டிங்க விட்டுட்டு நானும் உன்ன மாதிரி யுனிவர்சிட்டி ஆபீசுக்கே வந்துடவாண்ணா, அத்திப்பள்ளி டிராபிக்லயே பாதி வாழ்க்கை போகுதுன்னு. அன்னைக்கி வாயில கரும்பு, சும்மா தலைய ஆட்டிட்டேன்.

நானும் ஒம்பது வருஷம் அதே வேலைதான் பாத்தேன். எக்செல்ல ரிஸ்க் ரெஜிஸ்டர், அதான் கம்பெனில என்னென்ன தப்பா போகலாம்னு ஒரு பட்டியல், நடக்க எவ்ளோ வாய்ப்புன்னு 1ல இருந்து 5, நடந்தா எவ்ளோ அடின்னு 1ல இருந்து 5, ரெண்டையும் பெருக்கி சிவப்பு மஞ்சள் பச்சை பூசி, ஐஎஸ்ஓ 31000ங்கற ரிஸ்க் மேனேஜ்மென்ட் ஸ்டாண்டர்டு பேர ரெண்டு எடத்துல சொருகி பிபிடி குடுத்துட்டா இன்வாய்ஸ் போயிடும். கடைசில 'ரிஸ்க் ஓனர்'னு, அந்த ரிஸ்க்குக்கு யாரு பொறுப்புன்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு, அதுல எப்பவும் கிளையன்ட் ஆளு பேருதான், என் பேர ஒரு தடவ கூட எழுதுனதில்ல.

இங்க எக்ஸாம் செக்‌ஷன்ல ஒக்காந்தப்பறம்தான் அந்தக் கட்டம் என்னன்னே புரிஞ்சது. 2024 நவம்பர் கடைசில பெஞ்சல் புயல் வந்துச்சே, டிசம்பர் ஆரம்பத்துல ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டி வண்டியெல்லாம் அடிச்சிட்டு போனத டிவில பாத்திருப்ப. வறட்சிக்கு பேர் போன கிருஷ்ணகிரி ஜில்லா, ஒகேனக்கல் தண்ணி வந்துதான் தாகம் தீந்த ஊரு, நான் கன்சல்டன்ட்டா இருந்தா வெள்ளத்துக்கு கண்ண மூடிட்டு 1 போட்டிருப்பேன். அந்த திங்கக்கிழமை செமஸ்டர் எக்ஸாம். விடியக்காலைல நாலரைக்கு ஒரு சென்டர்ல இருந்து போன், "சார், ரோடே தெரியல சார்".

அந்தப் பக்கத்து சென்டருக்கு மட்டும் தள்ளி வெச்சா போச்சுன்னு நீ நெனப்ப. ஆனா மத்த ஊர்ல அதே கொஸ்டின் பேப்பர் பத்து மணிக்கு பிரிப்பாங்க, பத்தரைக்கு வாட்ஸ்அப்ல சுத்தும், அப்பறம் இவங்களுக்கு வேற செட் வேணும், அது ரெடியா இருக்கா, இருந்தாலும் அது மொதல் செட்ட விட கஷ்டம்னு நாளைக்கி ஒருத்தன் பெட்டிஷன் போடுவான். எல்லாருக்கும் தள்ளுனா பேப்பர் திருத்தற தேதி தள்ளும், ரிசல்ட் தள்ளும், ராத்திரியே பஸ் ஏறி வந்துட்ட பசங்க திட்டும். எக்ஸாமுக்கெல்லாம் தலைவரான கன்ட்ரோலர் போன் கெடைக்கல, அண்ணி வெச்ச டீ ஆறிப்போச்சு. ஆறு மணிக்கு மேல லைன் கெடச்சு, எல்லாருக்கும் தள்ளிடலாம் சார்னு நாந்தான் சொன்னேன், அவரும் சரின்னுட்டாரு. அந்த வாரம் முழுக்க பெத்தவங்க போன்ல வாங்கி கட்டிக்கிட்டேன்.

சம்பளம் கொறையும், அத வீட்ல பேசிக்க. இன்னொன்னு, யுஜிசி கணக்குல அசிஸ்டென்ட் ரிஜிஸ்ட்ராருக்கு பிஜில 55 சதவீதம் வேணும், டெபுடிக்கு போக அந்த சீட்ல 5 வருஷம் இருந்திருக்கணும், உன் கன்சல்டிங் வருஷத்த சேத்துப்பாங்களான்னு எழுத்துல வாங்காம பேப்பர் போட்டுடாத. மெயிலுக்கு ஒரு மணி நேரத்துல பதில் வந்து பழகுனவன் நீ, இங்க நோட் போட்ட ஃபைலு கிளார்க், சூப்பரின்டென்டென்ட்னு ஒவ்வொரு டேபிளா ஏறும்.

அடுத்த செமஸ்டர் எக்ஸாம் அன்னைக்கி லீவு போட்டுட்டு காலைல ஏழு மணிக்கு நம்ம ஆபீசுக்கு வா, போன் நான் எடுக்கறேன், நீ பக்கத்துல நின்னு கேளு. சித்திகிட்ட நான் இன்னும் ஒன்னும் சொல்லல.

அண்ணன்